திக்கல் நின்ற மூன்று வாரங்கள்: மனநிலைக் கோளாறும் பேச்சுச் சரளமும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுவயது முதல் திக்கிப் பேசும் ஒருவருக்கு மனநிலைக் கோளாறு வரும்போது, அது பேச்சில் விட்டுச்செல்லும் தடயங்களைத் திக்கல் மறைத்துவிடக்கூடும்; அதே திக்கல் திடீரென்று விலகுவதும் ஒரு நோய்க்குறியாக இருக்கக்கூடும். இந்நிகழ்வில் இவை இரண்டும் ஒரே மனிதரிடம் அடுத்தடுத்து நேர்ந்தன. நோயைச் சரியாகக் கண்டறிய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு சிகிச்சை அளித்த என்னுடையது என்பதால், எங்கே வழுக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். எவரையும் அடையாளம் காண இயலாதபடி, ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒரே மனிதருடையவையாக இணைத்திருக்கிறேன். கீழே வரும் அளவீடுகளும் அவ்வாறு இணைக்கப்பட்டவையே.

முதல் சந்திப்பு

நோயாளிக்கு வயது 34. கணக்குத் தணிக்கைப் பணியில் இருப்பவர். நான்கு வயதில் திக்கத் தொடங்கியவர். திக்கல் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குவது; தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே விலகிவிடுவதும் உண்டு. இவருக்கு விலகவில்லை. தந்தையின் தம்பிக்கும் திக்கல் இருந்தது. இருபதுகளின் நடுப்பகுதியில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் ஓராண்டு பயின்று, முதல் அசையை மெல்ல நீட்டித் தொடங்குவது, மூச்சை விட்டபடி சொல்லுக்குள் நுழைவது போன்ற உத்திகளைக் கற்றிருந்தார். தொலைபேசியில் பேசுவதைத் தவிர்ப்பார். கடினமான எழுத்தில் தொடங்கும் சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். இவை யாவும் முப்பதாண்டுப் பழக்கங்கள்.

அவரை என்னிடம் அனுப்பியவர் அதே பேச்சுச் சிகிச்சையாளர்தான். மூன்று மாதங்களாகத் திக்கல் மோசமாகிவிட்டதென்று நோயாளி அவரிடம் மீண்டும் சென்றிருக்கிறார். நான்கு அமர்வுகளுக்குப் பிறகு அந்த அம்மையார் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: “திக்கல் கூடியதாக அவர் சொல்கிறார், என் கணக்கில் திக்கல் கூடவில்லை, பேச்சு குறைந்திருக்கிறது.” அந்த வரியை அன்று ஒருமுறை படித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

நோயாளி தலைகுனிந்து அமர்ந்திருந்தார். கேள்விக்கும் விடைக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்தது. விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, பசியில்லை, மூன்று மாதத்தில் ஐந்து கிலோ எடை இறங்கிவிட்டது, வேலையில் ஒரே பக்கத்தை நான்கு முறை படிக்க வேண்டியிருக்கிறது, எல்லாருக்கும் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டேன். செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதுண்டு, ஆனால் எதுவும் செய்துகொள்ளும் திட்டமில்லை என்றார். இவற்றையெல்லாம் அவர் ஒரே காரணத்தில் கொண்டுபோய்க் கட்டினார். “பேச வரவில்லை, அதனால் மனம் விட்டுப்போய்விட்டது.”

நானும் அதை ஏற்றுக்கொண்டேன். காரணமும் விளைவும் வரிசையாக நிற்கும் கதையைக் கேட்கும்போது அதற்கு மேல் துருவத் தோன்றுவதில்லை. திக்கிப் பேசுபவர்களிடம் சமூக அச்சக் கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவது உறுதிப்பட்ட உண்மை. மனச்சோர்வைப் பற்றி அதே அளவு உறுதியுடன் சொல்வதற்கில்லை. இருந்தும், வாழ்நாள் முழுவதும் பேச்சுக்காக வெட்கப்பட்டவர் சோர்ந்துபோவது இயல்புதானே என்ற நினைப்பு, நோய்வரலாற்றை முழுமையாகக் கேட்கவேண்டிய கடமையிலிருந்து என்னை விடுவித்துவிட்டது.

அன்று கோப்பில் நான் எழுதிய இரண்டு குறிப்புகளை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, தாயின் அக்காவுக்கு “நரம்புத் தளர்ச்சி” இருந்து நீண்டகாலம் மாத்திரை சாப்பிட்டார் என்பது. என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. மற்றொன்று, நோயாளியே முகம் சற்று மலர்ந்து சொன்னது: 26 வயதில், பேச்சுப் பயிற்சியின்போது, ஆறு வாரங்கள் அவருக்குத் திக்கலே இல்லை, இரவெல்லாம் விழித்துப் படித்தார், மேடையில் ஏறிப் பேசினார், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதற்கு எதிரே நான் எழுதியது: “பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல பலன் கிடைத்திருக்கிறது.”

முதல் ஒலிப்பதிவு

மனச்சோர்வில் பேச்சு மாறுவது புதிய செய்தியன்று. மனஎழுச்சியையும் மனச்சோர்வையும் ஒரே நோயின் இரு முகங்களாக வகுத்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், சோர்வுற்றோர் தாழ்ந்த குரலில், மெதுவாக, தயங்கித் தயங்கி, ஏற்ற இறக்கமின்றிப் பேசுவதையும், சில வேளைகளில் திக்குவதையும், வாக்கியத்தின் நடுவில் பேச்சிழந்து நிற்பதையும் நூறாண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறார். இதை அளந்து பார்த்தவர்களுள் சபாடியும் அவருடைய சகாக்களும் முன்னோடிகள். அவர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வில், சோர்வுற்ற நோயாளிகளை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னபோது, எண்களை உச்சரிக்கும் நேரம் மாறாமலிருக்க, எண்களுக்கு இடையிலான மௌனம் மட்டும் நீண்டிருந்தது. நோய் குணமானதும் அந்த மௌனம் சுருங்கியது.

எண்ணுகிற இந்தச் சோதனை திக்கிப் பேசுபவர்களுக்கு மிகவும் பொருந்திவருகிறது. பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும், மனப்பாடமாக வரும் வரிசையை ஒப்பிக்கும்போதும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். எனவே எண்ணும்போது விழும் மௌனத்தில் திக்கலின் கலப்பு மிகக் குறைவு. பேச்சுச் சிகிச்சையாளர் இதை அறிந்தவர். அவருடைய பதிவில் மூன்று பகுதிகள் இருந்தன: இருபது வரை எண்ணுதல், ஒரு பத்தியை வாசித்தல், இரண்டு நிமிடம் தன்போக்கில் பேசுதல். பல ஆண்டுகளுக்கு முன் பயிற்சி முடிந்தபோது எடுத்த பதிவும் அவரிடம் இருந்தது.

பழைய பதிவில் நூறு அசைகளுக்கு எட்டு அசைகள் திக்கியிருந்தன; புதியதில் ஒன்பது. இந்த வேறுபாட்டுக்குப் பொருளில்லை. ஆனால் எண்களுக்கு இடையிலான மௌனம் இரு மடங்காகியிருந்தது. இரண்டு நிமிடத்தில் பேசிய சொற்கள் பாதியாகியிருந்தன. வாசிப்பில் குரலின் ஏற்ற இறக்கம் தட்டையாகியிருந்தது. திக்கலில் வரும் மௌனத்தையும் சோர்வில் வரும் மௌனத்தையும் ஒலியை மட்டும் கேட்டுப் பிரிப்பது கடினம். முகத்தைப் பார்த்தால் எளிது. திக்கலில் உதடோ தொண்டையோ இறுகும், கண் சிமிட்டும், கழுத்து நரம்பு புடைக்கும். சொல்லவேண்டிய சொல் பேசுகிறவருக்குத் தெரியும், அது வெளியே வராது. சோர்வின் மௌனத்தில் முகம் தளர்ந்திருக்கும். எங்கும் இறுக்கம் இராது. பின்னாளில் இந்நோயாளியே இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்: “திக்கும்போது சொல் வாசல்வரை வந்து நிற்கும். அந்த மூன்று மாதமும் வாசலில் ஒன்றுமே இல்லை.”

நாங்கள் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. நோயாளியே நிரப்பும் ஒன்பது கேள்விப் படிவத்தின் எட்டாவது கேள்வி, பிறர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடமாடுவதையோ பேசுவதையோ பற்றியது. வாழ்நாளெல்லாம் பிறர் தன் பேச்சைக் கவனித்த ஒருவர் அதற்கு என்ன விடை எழுதுவார்? இவர் “ஏறக்குறைய தினமும்” என்று எழுதினார். கேட்டபோது, பள்ளிக்காலம் முதலே அப்படித்தான் என்றார். மருத்துவர் மதிப்பிடும் ஹாமில்டன் அளவுகோலிலும் சிந்தனை மற்றும் பேச்சின் மந்தத்துக்கு ஓர் இனம் உண்டு. அதில் நான் இட்ட மதிப்பெண்ணில் திக்கலுக்கு எத்தனை, சோர்வுக்கு எத்தனை என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தம் 22 வந்தது. தூக்கமும் எடையும் குற்ற உணர்வுமே நோயை நிறுவப் போதுமானவையாக இருந்ததால் அந்த ஒரு மதிப்பெண்ணால் முடிவு மாறவில்லை. இலேசான சோர்வாக இருந்திருந்தால் மாறியிருக்கும்.

பெருமனச்சோர்வு என்று முடிவுசெய்து சோர்வுக்கான மருந்தான செர்ட்ராலினை 50 மில்லிகிராமில் தொடங்கினேன். இவ்வகை மருந்துகளால் அரிதாகத் திக்கல் தோன்றுவதோ இருப்பது கூடுவதோ பதிவாகியிருப்பதால், பேச்சு மோசமானால் உடனே தெரிவிக்கும்படி சொல்லியனுப்பினேன். பேச்சு மேம்பட்டால் தெரிவிக்கும்படி சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது வாரம்

ஐந்தாவது வாரம் அவர் அறைக்குள் நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தார். இருபது நிமிடங்கள் பேசினார். திக்கல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எட்டிப்பார்த்தது. ஐந்து நாள்களாக இப்படி இருக்கிறது, பத்தாண்டுகளாகத் தவிர்த்துவந்த உறவினர்களையெல்லாம் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட்டேன், அலுவலகக் கூட்டத்தில் நானாக எழுந்து கருத்துச் சொன்னேன் என்றார். தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு, “தேவையான அளவு” என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மருந்து வேலை செய்கிறது, அச்சம் விலகியதால் பேச்சும் விலங்கு கழன்று நிற்கிறது என்று எண்ணி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். திக்கித் திக்கிப் பேசிய ஒருவர் மடை திறந்தாற்போல் பேசும்போது, எதிரே அமர்ந்திருப்பவருக்கு அதை நோய்க்குறியாகக் காண மனம் வருவதில்லை. திக்கல் இல்லாத ஒருவர் அதே வேகத்தில் பேசியிருந்தால், மூன்றாவது நிமிடத்திலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

நான்கு நாள் கழித்து இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது அவருடைய அக்காவிடமிருந்து. “தம்பி நல்லாத்தான் பேசுறான் டாக்டர். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனா நிறுத்த மாட்டேங்கிறான். ராத்திரி ரெண்டு மணிக்கும் பேசுறான்.” இரவில் மூன்று மணிநேரம் தூங்கிவிட்டு அயர்வில்லாமல் எழுகிறார் என்பதும், பழைய நண்பர் ஒருவருடைய தொழிலில் தன் சேமிப்பின் பெரும்பகுதியைப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது, பேச்சுச் சிகிச்சையாளரின் கடிதம். நூறு அசைகளுக்கு இரண்டு அசைகளே திக்கின. நாற்பதாண்டுகள் திக்கியவர்களும் பொறாமைப்படும் எண். ஆனால் உச்சரிப்பு வேகம் நொடிக்கு நான்கரை அசைகளிலிருந்து ஆறுக்கு மேல் ஏறியிருந்தது. எண்களுக்கு இடையிலான மௌனம், நோயில்லாத காலத்துப் பதிவில் இருந்ததைவிடவும் குறைந்திருந்தது. ஒரு பொருளைப் பற்றிப் பேசச் சொன்னால் அதன் பக்கத்துப் பொருளுக்கும் அங்கிருந்து அடுத்ததற்கும் தாவினார். ஓரிடத்தில் பொருளை விட்டுவிட்டு எதுகையைப் பிடித்துக்கொண்டு சொற்களை அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றுக்கொடுத்த உத்திகளில் ஒன்றையும் அவர் கையாளவில்லை. பயிற்சியால் வந்த சரளம் கேட்பவர் காதுக்குச் சற்றே செயற்கையாக இருக்கும். பேசுகிறவர் கேட்டுக்கொண்டால் மெதுவாக்கிக் காட்ட முடியும். இவரை மெதுவாகப் பேசச் சொன்னபோது ஒரு வாக்கியம் மட்டும் மெதுவாக வந்தது; அடுத்த வாக்கியத்தில் பழைய வேகம் திரும்பிவிட்டது. “இது நான் கற்றுக்கொடுத்த சரளம் இல்லை” என்று அவர் எழுதியிருந்தார்.

மறுநாளே நோயாளியை அக்காவோடு வரவழைத்தேன். மனஎழுச்சியை அளக்கும் யங் பித்துநிலை அளவுகோலின் 11 இனங்களில் பேச்சுக்கான இனத்துக்கு எட்டுவரை மதிப்பெண் உண்டு. அதில் ஆறும், மொத்தத்தில் 17ம் வந்தன. அன்றுதான் 26 வயதின் ஆறு வாரங்களைப் பற்றி முறையாகக் கேட்டேன். அப்போதும் தூக்கம் குறைந்திருந்தது. ஒரே சமயத்தில் மூன்று தேர்வுகளுக்குப் பணம் கட்டியிருந்தார். முன்பின் அறியாதவர்களிடம் பேச்சுக் கொடுத்து மணிக்கணக்கில் நின்றிருக்கிறார். அப்போது அவர் எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை. பெரியம்மா சாப்பிட்ட மாத்திரை, மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் லித்தியம் என்பதை அக்கா தொலைபேசியில் வீட்டாரிடம் கேட்டுச் சொன்னார்.

மருத்துவர்கள் ஹைப்போமேனியா என்று அழைக்கும் இலேசான பித்துநிலைக்கு, 2013இல் வெளிவந்த, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 வரையறையின்படி, தொடர்ந்து நான்கு நாள்களேனும் மாற்றம் நீடித்திருக்க வேண்டும். அது பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கோ வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கோ போகாதிருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் பேசுவதோ பேச்சை நிறுத்த இயலாத உந்துதலோ அதன் குறிகளில் ஒன்று. சோர்வுக்கான மருந்து தூண்டிவிட்ட நிலை மட்டும் என்று இதை ஒதுக்க, 26 வயதின் அந்த ஆறு வாரங்கள் இடம்கொடுக்கவில்லை. மனச்சோர்வும் இலேசான பித்துநிலையும் வந்துபோகும் இரண்டாம் வகை இருதுருவக் கோளாறு என்று நோயின் பெயர் மாறியது.

வேறு சாத்தியங்களையும் பார்த்தோம். வேகமாக, அசைகளை விழுங்கிப் பேசும் மற்றொரு சரளக் குறைபாடு உண்டு; அது சிறுவயதிலிருந்தே இருப்பது, நாள்கணக்கில் தோன்றுவதன்று. தைராய்டு மிகைச் சுரப்பு இல்லை என்று இரத்தப் பரிசோதனை காட்டியது. ஊக்கமருந்து எதுவும் எடுக்கவில்லை.

சரளம் ஏன் கூடியது

இதற்கு ஒற்றை விடை சொல்லும் கோட்பாடு எதுவும் இந்நிகழ்வோடு ஒத்துப்போகவில்லை. திக்கலில், மூளையின் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனின் செயல்பாடு கூடியிருப்பதாக 1997இல் வெளியான மூளைப்படிம ஆய்வொன்று காட்டியது. டோபமைனைத் தடுக்கும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவை சிறிய ஆய்வுகளில் திக்கலைக் குறைத்திருக்கின்றன. பித்துநிலையும் அதே மருந்துகளுக்குக் கட்டுப்படுவது. இந்தக் கணக்கை நேராகப் போட்டால் பித்துநிலையில் திக்கல் கூடவேண்டும். வேகம் கூடுவதால் திக்கல் கூடும் நோயாளிகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். இவருக்கு நேர்ந்தது அதற்கு எதிரானது.

என் கருத்தில், இவரிடம் மாறியது நாக்கு அன்று. நாக்கைக் காவல்காத்த மனம். திக்கிப் பேசுபவர் வாக்கியத்தைத் தொடங்குமுன்பே, வரப்போகும் கடினச் சொல்லை முன்கூட்டி உணர்கிறார். அந்த எதிர்பார்ப்பே தசையை இறுக்குகிறது. பித்துநிலையில் முன்னோக்கிப் பார்க்கும் அந்தக் காவல் தளர்கிறது. கேட்பவரின் முகத்தைப் படிப்பது நின்றுபோகிறது, வெட்கம் விலகுகிறது, குரல் உயர்ந்து தாளம் மாறுகிறது. பாட்டிலும் கூட்டு வாசிப்பிலும் திக்கல் குறைவதை நாம் அறிந்திருக்கிறோம். அங்கும் வழக்கமான பேச்சின் தாளமும் தற்கண்காணிப்பும் மாறிவிடுகின்றன. ஆனால் பாட்டு முடிந்ததும் பாடகர் வாயை மூடிக்கொள்ள முடியும்.

மருந்தைப் பற்றிய பேரம்

செர்ட்ராலினை நிறுத்தி, லித்தியத்தையும் தற்காலிகமாக இரவில், பித்துநிலையைத் தணிக்கும் குவெடியபினையும் தொடங்க வேண்டும் என்று சொன்னபோது, நோயாளி முதலில் சிரித்தார்; பிறகு கோபித்தார். அந்த உரையாடல் ஒன்றரை மணிநேரம் நீடித்தது. அவருடைய வாதத்தில் குறைகாண்பது எளிதாக இருக்கவில்லை. முப்பதாண்டுகள் பேச முடியாமல் இருந்தபோது எவரும் அதை அவசர நிலையாகக் கருதவில்லை. பேச வந்ததும் ஓடிவந்து நிறுத்துகிறீர்கள் என்றார். “உங்களுக்கு இது நோய். எனக்கு இதுதான் பேச்சு.”

பித்துநிலையில் இருப்பவர் சொல்வதால் ஒரு வாதம் பொய்யாகிவிடாது. அவர் இழக்கப்போவது உண்மையான இழப்பு என்பதை ஒப்புக்கொண்டேன். அடுத்து, அவருடைய மூன்று பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டும்படி பேச்சுச் சிகிச்சையாளரைக் கேட்டுக்கொண்டேன். முதலிரண்டையும் அமைதியாகக் கேட்டார். மூன்றாவதில், தான் எதுகைக்காகச் சொற்களை அடுக்கிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். சம்மதம் அப்போது வந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மையில் அது மறுநாள் மாலை, தொழிலில் பணம் போடுவதைப் பற்றி அக்காவோடு நடந்த சண்டைக்குப் பிறகுதான் வந்தது.

அவர் ஒரு கேள்வி கேட்டார்: பித்துநிலையை அடக்கும் மருந்துகளில் திக்கலையும் குறைப்பது ஒன்றிருந்தால் அதையே கொடுக்கலாமே? நியாயமான கேள்வி. ஓலன்சபின் இரண்டையும் செய்யக்கூடும். ஆனால் எடையும் இரத்தச் சர்க்கரையும் ஏறும் அபாயம் கணிசமானது. திக்கலுக்கென்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. பெரியம்மாவுக்கு லித்தியம் நன்கு பலனளித்தது என்ற தகவலும், தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்குள்ள ஆதாரமும் தராசை அந்தப் பக்கம் சாய்த்தன. 1949இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் பித்துநிலைக்குப் பயன்படுத்திக் காட்டிய இம்மருந்துக்கு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வலுவான இடம் இருக்கிறது.

பேச்சு மூன்று வாரங்களில் இறங்கி வந்தது. முதலில் தூக்கம் திரும்பியது, பிறகு மௌனங்கள் திரும்பின, கடைசியாகத் திக்கல் திரும்பியது. இந்த வரிசையை நான் எதிர்பார்க்கவில்லை. வேகம் குறைந்தவுடனே திக்கல் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இடையில் ஒரு வாரம் அவர் இயல்பான வேகத்தில், ஓரளவு சரளமாகவும் பேசினார். அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவர் இன்றும் கேட்கிறார்.

இரத்தத்தில் லித்தியம் லிட்டருக்கு 0.7 மில்லிமோலில் நிலைத்தது. திக்கல் நூறுக்கு ஏழு. பேச்சுப் பயிற்சி மீண்டும் தொடங்கியது. இம்முறை திக்கலைக் குறைப்பதைவிட, திக்கினாலும் தவிர்க்காமல் பேசுவதையே இலக்காக வைத்தார்கள்.

ஐந்தாம் மாதத்தில் நேர்ந்தது

முதுகுவலிக்காக வேறொரு மருத்துவரிடம் சென்றவருக்கு ஐபுப்ரோஃபென் எழுதித் தரப்பட்டது. பத்து நாள் சாப்பிட்டார். நாக்கு கனத்தது, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டின, கை நடுங்கியது. மீண்டும் அதே மருத்துவரிடம் சென்றபோது, வலியால் வந்த பதற்றத்தில் திக்கல் கூடியிருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அவரை மட்டும் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை.

நோயாளி என்னை அழைத்துச் சொன்ன முதல் வாக்கியம், “இது என் திக்கல் இல்லை.” தொலைபேசியிலேயே வேறுபாடு தெரிந்தது. திக்கலில் சில அசைகள் தடைபடும், மற்றவை தெளிவாக ஒலிக்கும். இவருக்கு எந்த அசையும் தடைபடவில்லை. எல்லா அசைகளும் மழுங்கியிருந்தன. எண்ணச் சொன்னேன், திக்கல் என்றால் எண்ணும்போது தெளிந்திருக்க வேண்டிய பேச்சு அங்கும் குழறியது. உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். லித்தியம் 1.7 மில்லிமோல், நடையும் தள்ளாடியது. ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடுகிறது. இரண்டு மருந்துகளையும் நிறுத்தி, நரம்புவழி உப்புநீர் ஏற்றி, அளவு இறங்கும்வரை கண்காணித்தோம். ஒரு வாரத்தில் நாக்குழறல் முற்றிலும் நீங்கியது. திக்கல் மட்டும் எஞ்சியது. அந்தப் பழைய ஓசையைக் கேட்டு நிம்மதியடைந்தது அதுவே முதல்முறை என்றார் அக்கா.

மனநிலை மருந்துகள் பேச்சைக் கெடுக்கும் வழிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபினால் புதிதாகத் திக்கல் தோன்றினால் அது வலிப்புக்கு முன்னறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் மூளை மின்னலைப் பதிவு எடுத்துப் பார்ப்பது நல்லது. வலிப்பு மருந்தான டோப்பிரமேட் சொல் கிடைக்காமல் தடுமாறச் செய்யும். லித்தியம் தைராய்டைத் தளர்த்தினால் குரல் கரகரத்துப் பேச்சு மந்தமாகும். அதைச் சோர்வு திரும்பிவிட்டதாக எண்ணி இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடும் ஆபத்து உண்டு.

தொடர் கண்காணிப்பு

பதினான்கு மாதங்களாகின்றன. குறைந்த அளவில் லித்தியம் மீண்டும் தொடங்கப்பட்டு, இரத்தத்தில் 0.6இல் நிற்கிறது. ஒருமுறை, எட்டாம் மாதத்தில், எண்களுக்கு இடையிலான மௌனம் இரண்டு பதிவுகளில் தொடர்ந்து நீண்டதைக் கண்டு முன்கூட்டியே வரவழைத்தோம். தூக்கமும் பசியும் அப்போதுதான் குறையத் தொடங்கியிருந்தன. சோர்வு திரும்பாமல் காக்கும் மருந்தான லாமோட்ரிஜினை 25 மில்லிகிராமில் தொடங்கி, தோல் தடிப்பு வருகிறதா என்று பார்த்தபடி மெல்ல ஏற்றினோம். சோர்வு முழு உருவெடுக்கவில்லை. பதிவுதான் அதைத் தடுத்தது என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது; படிவத்தின் எட்டாவது கேள்விக்கு அவர் அந்த மாதமும் வழக்கமான விடையையே எழுதியிருந்தார் என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

பதிவை இப்போது அவரே மாதத்தின் முதல் ஞாயிறன்று தன் கைபேசியில் செய்கிறார்: இருபது வரை எண்ணுதல், அதே பத்தி, இரண்டு நிமிடப் பேச்சு. திக்கிய அசைகளைக் கணக்கிடுவதை அவர் கேட்டுக்கொண்டபடி நாங்கள் நிறுத்திவிட்டோம். மௌனத்தையும் வேகத்தையும் மட்டுமே குறித்துவைக்கிறோம். அவசரத்தில் யாரை அழைப்பது என்று எழுதும் தாளில், அக்காவுக்கான குறிப்பை அவரே தன் கையால் நிரப்பினார்: “நான் திக்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டாம். நான் பேசாமல் போனாலோ, பேச்சு நிற்காமல் போனாலோ, நாக்குக் குழறினாலோ கூப்பிடு.” அதன் கீழே, வலிக்கு எந்த மாத்திரை கொடுத்தாலும் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அக்கா எழுதிச் சேர்த்திருக்கிறார். லித்தியம், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான அடுத்த பரிசோதனை இரண்டு மாதம் கழித்து.